அபீதிஸ்தவத்தின் ஒரு வேண்டுகோளும் அரங்கத்து மீட்சியும்

திருவரங்கம் பெரிய கோயிலின் வரலாற்றில் கி.பி. 1323 முதல் 1371 வரையுள்ள நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு தனிப் பகுதி. அக்காலத்தில் உற்சவமூர்த்தியாகிய அழகிய மணவாளப் பெருமாள் தம் ஊரில் இல்லை. அவருக்குக் கைங்கர்யம் செய்தோரில் பலர் மாண்டனர். எஞ்சியோர் திக்குதோறும் சிதறினர். ஸ்ரீபாஷ்யம் சொல்லப்பட்ட மண்டபங்கள் வெறிச்சோடின. இந்தப் பிரிவையும் மீட்சியையும் பற்றிப் பேசும் சான்றுகள் பல இருப்பினும், அவற்றுள் மூன்று தலையாயவை. ஒன்று, ஸ்வாமி தேசிகன் அருளிச்செய்த அபீதிஸ்தவம். மற்றொன்று, கோபணார்யன் பெருமாளை மீண்டும் எழுந்தருளப்பண்ணியதைச் சொல்லும் இரு வடமொழிச் ச்லோகங்கள் அடங்கிய கோயிற் கல்வெட்டு. மூன்றாவது, கோயிலொழுகு.

இம்மூன்றையும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று சாட்சிகளாகக் கொண்டு, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றால் நிரப்பி, தொடர்ச்சியான ஒரு சரித்திரமாக்கிச் சொல்வதே வழக்கமாகியிருக்கிறது. அதில் பிழையில்லை. ஆயினும் அங்ஙனம் சேர்த்துப் படிக்கையில், ஒவ்வொரு நூலும் மீட்சி என்று எதைக் கருதுகிறது என்ற வினா மறைந்துபோகிறது. நாடிழந்தவன் திரும்பி வருகையில் அவன் திரும்பப் பெறுவது எது? மதிலா, மனிதரா, பழைய காலமா? இவ்வினாவை இம்மூன்று நூல்களிடமும் தனித்தனியே கேட்டால் கிடைக்கும் விடைகள் ஒன்றல்ல. அவற்றுள் அபீதிஸ்தவம் தரும் விடையே மற்ற இரண்டையும் அளக்கும் கோலாக நிற்கிறது என்பது இங்குக் காட்டப்படும்.

ஊர் இழந்த வகை

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பால் தமிழகத்துக் கோயில்கள் பல சூறையாடப்பட்டன. அதனினும் கொடியது 1323-இல், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர் பெற்ற உலூக் கான் நடத்திய படையெடுப்பு. அப்போது பெருமாள் கொள்ளிடக்கரையிலுள்ள பன்றியாழ்வான் ஸந்நிதியில் எழுந்தருளியிருந்தார் என்றும், அங்குக் கூடியிருந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் பன்னீராயிரவர் மாண்டனர் என்றும் ஸம்ப்ரதாயம் நினைவுகூரும். எண்ணிக்கை மரபு வழிப்பட்டது. ஊரே அழிந்தது என்னும் உணர்வுக்கு அவ்வெண் சாட்சி.

படை நெருங்குவதை அறிந்தவுடன் இரண்டு காரியங்கள் நடந்தன. மூலவராகிய பெரிய பெருமாளின் முன்னே கல்திரை எழுப்பப்பட்டு ஸந்நிதி மறைக்கப்பட்டது. உற்சவமூர்த்தியையோ, முதிய வயதிலிருந்த பிள்ளை லோகாசார்யரும் அவருடைய அந்தரங்கர்களும் தெற்கு நோக்கி எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சென்றனர். வழியில் கள்வர் கையில் பெருமாளின் உடைமைகள் பறிபோயின. மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் லோகாசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். சென்றவர்களுள் முதல்வரான அவர் திரும்பவேயில்லை என்பதை, மீட்சியைக் கொண்டாடும் எவரும் மறக்கலாகாது.

பெருமாளோ ஜ்யோதிஷ்குடியிலிருந்து திருமாலிருஞ்சோலை, மலைநாட்டில் கோழிக்கோடு, பின்னர்த் திருக்கணாம்பி, திருநாராயணபுரம் என்று ஊர் ஊராக எழுந்தருளி, இறுதியில் திருமலையில் நெடுங்காலம் தங்கினார். திருமலையில் அரங்கநாயகர் பெயரால் இன்றும் நிற்கும் மண்டபம் அத்தங்கலின் அடையாளம்.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. கல்திரைக்குள் இருந்தவரும் காடு கடந்து சென்றவரும் ஸம்ப்ரதாயத்தின்படி ஒருவரே. ஆகவே பெருமாள் ஊரை விட்டுச் சென்றார் என்பதும் உண்மை. ஊரை விடாமல் இருந்தார் என்பதும் உண்மை. நாடு நீங்கியோருக்கும் நாட்டிலேயே தங்கித் துன்புற்றோருக்கும் இடையே எழும் கசப்பு எக்காலத்தும் பெரிது. போனவன் பிழைத்தான் என்பர் இருந்தோர். இருந்தவன் இணங்கினான் என்பர் போனோர். இவ்விரு தரத்தாரின் நிலையையும் ஏற்று நின்ற ஒரு தெய்வத்தைப் பற்றியது இச்சரித்திரம்.

அபீதிஸ்தவம் வேண்டுவது

ஸ்வாமி தேசிகனின் அவதாரம் விபவ வருஷம், அதாவது 1268 என்பது மரபு. படையெடுப்பின்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ச்ருதப்ரகாசிகையை இயற்றிய ஸுதர்சனஸூரி தம் நூலையும் தம் குமாரர் இருவரையும் அவரிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகன் அக்குமாரர்களுடன் பிணங்களுக்கிடையே மறைந்திருந்து, பகைவர் அகன்றபின் புறப்பட்டு மேலை நாட்டை அடைந்தார் என்றும் குருபரம்பரை கூறும். அவர் தங்கியது ஸத்யாகாலம் என்பர். திருநாராயணபுரம் என்றும் சொல்வர். அபீதிஸ்தவம் அக்காலத்தில் அவதரித்தது என்பதில் மரபுக்குக் கருத்து வேறுபாடில்லை.

இருபத்தொன்பது ச்லோகங்களைக் கொண்ட இத்துதி பெரும்பாலும் ப்ருத்வீ வ்ருத்தத்தில் அமைந்தது. அச்சமின்மையே இதன் பொருள் என்பதைப் பெயரே சொல்லும். எம்பெருமானைப் பற்றினார்க்கு அச்சமில்லை, அவனால் கைவிடப்பட்டார்க்கு அச்சமே என்று தொடங்கி, அச்சத்தின் பல நிலைகளையும் தத்துவ நோக்கில் விரித்துச் செல்கிறது. இருபத்திரண்டாம் ச்லோகத்தில்தான் காலத்தின் பெயர் வெளிப்படுகிறது. கலியின் ஏவலரைப் போல உலகெங்கும் அச்சத்தைப் பரப்புவோரை வரிசைப்படுத்துகையில் துருஷ்கரும் யவனரும் பெயரோடு குறிக்கப்படுகின்றனர். ஸ்தோத்ரங்களில் இவ்வாறு சமகாலப் பெயர்கள் வருவது அருமை. ஆகவே இத்துதியை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இச்ச்லோகத்தையே பெரிதும் எடுத்தாள்வர்.

ஆனால் துதியின் உயிர்நிலை இருபத்தெட்டாம் ச்லோகத்தில் இருக்கிறது. அதன் பொருளைச் சுருங்கச் சொன்னால் இதுவாகும்: எதிராசருடைய திருவாக்கின் சுவையிலேயே வாழ்நாள் கழிந்தது, தலை நரைத்தது, இனி வேண்டுவது ஒன்றே, பகைவர் தோன்றுதல் நீங்கிய, அரங்கம் முதலானதோர் இடத்தில், ஒருவருக்கொருவர் நலம் நாடுவோரின் அருகே அடியேனை வாழச் செய்தருள வேண்டும்.

இந்த வேண்டுகோளில் இல்லாதவை எவை என்று முதலில் காணவேண்டும். இழந்த மனை கேட்கப்படவில்லை. பகைவரின் அழிவு தனிப்பெரும் பொருளாகக் கேட்கப்படவில்லை. இடத்துக்கு அடைமொழியாக மட்டுமே அது வருகிறது. கோயிலின் செல்வமும் உற்சவமும் கூட இச்ச்லோகத்தில் இல்லை. கேட்கப்படுவது அயலார். அந்த அயலாருக்கு இடப்படும் இலக்கணமும் கல்வியோ குலமோ ஆசாரமோ அன்று. ஒருவருக்கொருவர் நலம் நாடுதல் என்பதே. வாதப்போர் பல புரிந்து, பரமதங்களைக் கண்டித்துச் சததூஷணீ போன்ற நூல்களை இயற்றிய ஒருவர், முதுமையில் நாடிழந்த நிலையில், தம்முடன் வாழவேண்டியவர்களுக்கு இவ்வொரு தகுதியை மட்டும் வேண்டினார் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

அடுத்து, 'அரங்கம் முதலானதோர் இடம்' என்ற பொருள் தரும் தொடர். இதைக் கர்மதாரயமாகக் கொண்டு, 'சிறந்ததாகிய அரங்கத்தில்' என்று மட்டும் பொருள் உரைப்பாரும் உண்டு. அவ்வாறாயின் கவி திருவரங்கத்தையே கேட்டார், வேறொன்றையும் கேட்கவில்லை என்றாகும். ஆனால் 'ஏதோ ஓரிடத்தில்' என்று பொருள்படும் சொல் உடன் நிற்பதால், 'அரங்கத்தைத் தலைமையாக உடைய இடங்களுள் ஏதேனும் ஒன்றில்' என்று பஹுவ்ரீஹியாகக் கொள்வதே சொற்கிடக்கைக்குப் பொருந்தும். இல்லையேல் அச்சொல் பயனற்று நிற்கும். தேசிகன் வாக்கில் அசைநிலையாக ஒரு சொல் நிற்பது அரிது.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். பஹுவ்ரீஹியாகக் கொண்டால் அரங்கத்தின்பால் உள்ள அபிநிவேசம் குறைந்ததாகாதோ? அரங்கம் கிடையாவிடில் வேறிடமும் அமையும் என்பது ஆழ்வார்களின் அரங்கப் பித்துக்கு ஒவ்வுமோ? இதற்கு ஸமாதானம் வருமாறு. ஸத்யாகாலம் காவிரியை அடுத்த ஊர். காவிரியின் மூன்று அரங்கங்களுள் மத்யரங்கம் எனப்படும் சிவனஸமுத்ரம் அதற்கு அணித்தே உள்ளது. ஆதிரங்கமாகிய ஸ்ரீரங்கப்பட்டணமும் அந்நாட்டிலேயே உள்ளது. திருவரங்கத்துக்குச் செல்லும் அதே ஆற்றுநீரை அடுத்து வாழ்ந்துகொண்டு, வேறு அரங்கங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, 'அரங்கத்தைத் தலைமையாக உடைய' என்று சொல்வதால், தலைமை எதற்கு என்பதில் கவிக்கு ஐயமில்லை என்பது விளங்கும். தாம் திரும்புவோமா என்பது அறியாத முதியவர், எம்பெருமானின் திருவுள்ளத்தைத் தம் விருப்பத்தால் கட்டுப்படுத்தாமல் விட்ட இடைவெளியே 'ஏதோ ஓரிடத்தில்' என்னும் சொல். அது ப்ரபந்நனின் வாய்மொழி. ஆசை குன்றவில்லை, நிர்ப்பந்தம் மட்டும் விடப்பட்டது.

இடத்தைப் பற்றி இவ்வாறு நெகிழ்ந்து கொடுத்த வாக்கு, அயலாரைப் பற்றி நெகிழவில்லை என்பதையும் உடன் நோக்கவேண்டும். ஊர் எதுவாயினும் ஆகட்டும், அங்கு இருப்போர் ஒருவருக்கொருவர் நலம் நாடுவோராக இருத்தல் வேண்டும் என்பதில் விகல்பம் இல்லை. வேண்டுகோளின் ப்ரதானம் எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இத்துதியோடு அபயப்ரதானஸாரத்தையும் வைத்துக் காண்பது தகும். விபீஷணசரணாகதியின் பொருளை விரிப்பது அந்நூல். இலங்கையை நீங்கி, மனைவி மக்களை விட்டு, ஆகாயத்தில் நின்று புகல் கேட்டவன் விபீஷணன். அவன் திரும்பியபோது இலங்கை எரியுண்டு, தமையன் மாண்டு, தானே அரசனாகிய நிலையில் இருந்தது. அவன் இழந்த இலங்கை அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறோர் இலங்கை கிடைத்தது. ஸ்தலபுராணத்தின்படி, அவனுக்கு இராமபிரான் அளித்த விமானமே இலங்கை சேராது காவிரிக்கரையில் தங்கித் திருவரங்கமாயிற்று. அயோத்தியினின்று நீங்கி, சேரவேண்டிய ஊர் சேராது, இடைவழியில் நின்ற ஆற்றிடைக்குறையைத் தம் ஊராக்கிக்கொண்டவர் பெரிய பெருமாள். புகல் தேடி வந்தோரின் ஊர் என்பது அரங்கத்துக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததன்று. அது அதன் பிறப்பிலேயே உள்ளது.

கல் சொல்வது

இனி, கோபணார்யனின் கல்வெட்டு. விஜயநகரத்துக் குமாரகம்பணன் மதுரைச் சுல்தான்களை வென்ற காலத்தில், செஞ்சியிலிருந்து ஆண்ட அதிகாரி கோபணார்யன். கம்பணனின் தேவியாகிய கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் அந்நாளைய அரங்கத்தின் நிலையைக் காட்டும்: இடிந்து விழும் செங்கற்கள் பெருமாளின் அறிதுயிலைக் கலைக்காதபடி ஆதிசேஷன் படங்களை விரித்துத் தடுக்கிறான் என்பது அக்காவ்யத்தின் கற்பனை. கல்வெட்டின் ச்லோகங்களோ மீட்பைச் சொல்கின்றன. கோபணார்யன் பெருமாளை அஞ்சனாத்ரியிலிருந்து கொணர்ந்து, செஞ்சியில் சிலகாலம் ஆராதித்து, துலுஷ்கரை அழித்து, திருமகளோடும் நிலமகளோடும் தம் நகரில் மீண்டும் நிலைநிறுத்தினான் என்பது முதற் ச்லோகம். இரண்டாவது, அவ்வரங்கநிலத்தைக் கிருதயுகத்தோடு கூடியதாக்கினான் என்று அவனைப் புகழ்கிறது.

இவ்விரண்டையும் அருளியவர் தேசிகனே என்பது மரபு. அபீதிஸ்தவத்தின் குரலோடு இக்குரலை ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படை. அங்கே அயலார் வேண்டப்பட்டனர். இங்கே அரசியல் அதிகாரி புகழப்படுகிறான். அங்கே 'ஏதோ ஓரிடம்' என்ற பணிவு. இங்கே 'தம் நகர்' என்ற உறுதி. அங்கே நரைத்த தலையோடு காலம் முன்னோக்கிச் செல்கிறது. இங்கே கலியைக் கடந்து காலம் கிருதயுகத்துக்கே பின்னோக்கிச் செல்கிறது. கல்வெட்டின் மீட்சி என்பது, இடையில் ஒன்றுமே நடவாததுபோல் பழைய நிலை திரும்புதல். ப்ரசஸ்தி என்னும் இலக்கிய வகைக்கு அது முறையே. வென்றவனைப் புகழும் கல்லில் இழந்தவற்றின் கணக்கு இடம்பெறாது. ஆயினும் அதனை மட்டும் கொண்டு மீட்சியை அளப்பது குறையுடையது.

கர்த்ருத்வம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கல்வெட்டின் சகாப்தம் 'பந்துப்ரியே' என்னும் சொல்லால் குறிக்கப்பட்டுள்ளது. கடபயாதி முறைப்படி பகாரவர்க்கத்து மூன்றாம் எழுத்துக்கு 3, தகாரவர்க்கத்து நான்காம் எழுத்துக்கு 9, ரேபத்துக்கு 2, யகாரத்துக்கு 1. இவற்றைத் தலைகீழாகக் கொள்ள 1293 ஆகும். அது கி.பி. 1371. தேசிகன் திருநாட்டுக்கு எழுந்தருளியதோ ஸௌம்ய வருஷம் கார்த்திகை என்பது மரபு, அது 1369. ஆக, மரபு தரும் இரு செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இதற்குச் சொல்லப்படும் பரிஹாரங்களுள் ஒன்று, சகாப்தம் கல் வெட்டிய ஆண்டைக் குறிப்பது, மீட்சி அதற்குச் சில ஆண்டு முன்னரே நிகழ்ந்தது என்பது. ஆண்டைக் குறிக்கும் சொல் ச்லோகங்களுக்குப் புறம்பே தலைப்பில் நிற்பதால் இதற்கு இடமுண்டு. ஆனால் கோயிலொழுகும் மீட்சியை அதே சகாப்தத்தில் வைப்பது தடையாகிறது. எஞ்சுவன இரண்டே. ஒன்று, எழுந்தருளிய ஆண்டு பிழை. மற்றொன்று, ச்லோகங்கள் வேறொருவருடையவை. கல்வெட்டில் கவியின் பெயர் இல்லை என்பதையும் கருதவேண்டும். மரபின்பால் உள்ள பக்தியால் கணக்கை மறைப்பதும், கணக்கின்பால் உள்ள பற்றால் மரபை இகழ்வதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை.

எனினும், தேசிகன் மீட்சியைக் கண்டிலர் என்றே ஒருவர் கொண்டாலும், அபீதிஸ்தவத்துக்கு அதனால் குறைவில்லை. 'ஏதோ ஓரிடத்தில்' என்று விட்ட வாசகம் அந்நிலையையும் தாங்கும். திரும்பியவனின் வெற்றிப்பாட்டாக அது இயற்றப்படவில்லை. திரும்புவோமா என்று அறியாதவன் இயற்றியதாலேயே அதற்கு இவ்வலிமை வந்தது.

ஒழுகு சொல்வது

கோயிலொழுகு பல காலங்களில் பலர் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டது. ஆண்டுகளிலும் நிகழ்ச்சிகளின் வரிசையிலும் அதில் குழப்பம் உண்டு. இரு படையெடுப்புகளின் செய்திகள் அதில் கலந்திருப்பதை ஆராய்வோர் அறிவர். ஆயினும் மீட்சியைப் பற்றிய ஒரு செய்தியில் மற்ற இரு சான்றுகளும் சொல்லாத உண்மையை ஸம்ப்ரதாயம் இதனோடு சேர்த்துப் பாதுகாத்து வந்துள்ளது.

பெருமாள் திரும்பி எழுந்தருளியபோது ஸந்நிதி வெறுமையாக இல்லை. இடைப்பட்ட காலத்தில் வேறோர் உற்சவமூர்த்தி ப்ரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதனை கண்டுவந்தார். வந்தவர்தாம் பழைய அழகிய மணவாளர் என்பதை ஊரார் ஒப்பவில்லை. இதில் வியப்பில்லை. 1323-இல் இருபது வயதினராய்த் திருமேனியை அணுகிக் கைங்கர்யம் செய்தவர் 1371-இல் அறுபத்தெட்டு வயதினராயிருப்பர். பன்னீராயிரவர் மாண்டனர் என்று சொல்லப்படும் ஊரில் அத்தகையோர் எத்தனைபேர் எஞ்சியிருப்பர்? எஞ்சியோருக்கு அறிமுகமானவர், தங்கள் துன்பகாலத்தில் தங்களோடு இருந்த மூர்த்தியே. நாடு நீங்கித் திரும்புவோர்க்கு நேரும் கொடிய துன்பம் இதுவே: தம் வாசலில் நின்று தாம் யார் என்று மெய்ப்பிக்கவேண்டிய நிலை. அத்துன்பத்தைப் பெருமாளும் ஏற்றார்.

வழக்கு எவ்வாறு தீர்ந்தது? கோபணார்யனின் ஆணையால் தீர்ந்ததாக ஸம்ப்ரதாயம் சொல்லவில்லை. ஆகமம் வல்லார் திருமேனியின் இலக்கணத்தை அளந்து தீர்த்ததாகவும் சொல்லவில்லை. பெருமாளின் ஈரவாடைகளை வெளுத்துவந்த, கண்ணொளி இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தருமாறு அவர் கேட்டார். இரண்டையும் உட்கொண்டு, வந்தவரின் தீர்த்தத்தில் பழைய மணத்தை அறிந்து, இவரே நம்முடைய பெருமாள் என்று கூறினார். அன்று முதல் அழகிய மணவாளர்க்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் நிலைத்தது.

இவ்வரலாற்றைப் பக்திச்சுவை மிக்க ஒரு கதையாக மட்டும் சொல்லிச் செல்வது வழக்கம். இதில் உள்ள ப்ரமாண விசாரம் கவனிக்கப்படுவதில்லை. காட்சி இழந்தவர் ப்ரத்யக்ஷத்துக்குச் சாட்சியாகிறார். ஸந்நிதிக்குள் புகாதவர் ஸந்நிதியில் இருக்கவேண்டியவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறார். கோயிலார் வழங்கும் பெயரும் அவர் வாயில் பிறந்ததாகிறது. நூலும் கல்லும் அழிந்த ஊரில் நினைவு தொழில் செய்த கைகளிலும் நாவிலும் தங்கியிருந்தது. அவர் இட்ட பெயரில் 'நம்' என்னும் சொல் நிற்பதும் கருதத்தக்கது. அச்சொல்லில் சென்றோரும் இருந்தோரும், உள்ளே நிற்போரும் வெளியே நிற்போரும் ஒருங்கே அடங்குவர்.

இதனினும் பெரியது அடுத்து நிகழ்ந்தது. உண்மையான உற்சவர் இவர் என்று தெளிந்தபின், இடைக்காலத்தில் ஆராதனை கண்டவர் அகற்றப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்தோடு அவர் நம்பெருமாளுடன் இன்றும் கருவறையில் எழுந்தருளியிருக்கிறார். யாகபேரராக யாகசாலைக்கு எழுந்தருளுபவர் அவரே. திரும்பி வந்தவர்க்கு அவர் இடம் கிடைத்தது. இல்லாத காலத்தில் அவ்விடத்தைக் காத்தவர்க்கும் இடம் மறுக்கப்படவில்லை. கல்வெட்டு சொல்லும் கிருதயுகத்தில் இந்த இரண்டாம் மூர்த்திக்கு இடமில்லை. ஒன்றுமே நடவாததுபோல் பழமை திரும்பினால் அவர் இருக்கக் காரணமேயில்லை. அவர் அங்கு இருப்பதே, நாற்பத்தெட்டு ஆண்டுகள் நடந்தன என்பதைக் கோயில் தன் கருவறையிலேயே ஒப்புக்கொண்டதன் அடையாளம். ஊர் மாறிவிட்டது, மாறிய ஊரை மறுக்காமல் அதற்குள்ளேயே மீட்சி நிகழ்ந்தது.

முடிபு

அபீதிஸ்தவம் வேண்டிய ஒருவருக்கொருவர் நலம் நாடுதல் என்னும் இலக்கணம் கருவறையில் ஸித்தித்தது என்று துணிந்து சொல்லலாம். நம்பெருமாளும் திருவரங்கமாளிகையாரும் அருகருகே எழுந்தருளியிருப்பது அதன் உருவமே. ச்ருதப்ரகாசிகையின் வரலாறும் அத்தகையதே. பிணங்களின் நடுவே காக்கப்பட்டது என்று சொல்லப்படும் அந்நூலை, ஸ்ரீபாஷ்யம் கற்கும் இரு கலையாரும் இன்றும் ஓதுகின்றனர்.

கருவறைக்கு வெளியே அது முழுதும் ஸித்தித்ததா என்பது வேறு வினா. கல்திரை எழுப்பியதில் முதற்பங்கு எவருடையது, பெருமாளைக் காத்தவர் எவருடைய ஆசார்யர், நூலைக் காத்தவர் எவருடைய ஆசார்யர் என்று பிற்காலத்தார் இச்சரித்திரத்தையே வழக்காடு களமாக்கினர். ஒரு குருபரம்பரையில் தேசிகனின் பெயர் ஓங்கி லோகாசார்யரின் பயணம் ஓரிரு வரியில் அடங்கும். மற்றொன்றில் ஜ்யோதிஷ்குடி விரிந்து ஸத்யாகாலம் சுருங்கும். இரண்டையும் அருகில் வைத்துப் படிப்போர்க்கு உண்மை எளிதில் விளங்கும். ஒருவர் பெருமாளைக் காத்தார், திரும்பவில்லை. மற்றொருவர் நூலையும் இளைஞரையும் காத்தார். அவர் திரும்பியது பற்றிக் கணக்கு இடர்ப்படுகிறது. இருவரும் ஒரே பகலில் ஒரே ஊரை இழந்தவர்கள்.

நரைத்த தலையோடு காவிரியின் மேற்பகுதியில் இருந்தவர் வேண்டியது கலைவேறுபாட்டில் வென்ற ஒரு கூட்டத்தை அன்று. ஒருவருக்கொருவர் நலம் நாடுவோரையே அவர் வேண்டினார். சென்ற மூர்த்திக்கும் இருந்த மூர்த்திக்கும் ஒரே மண்டபத்தில் இடம் தந்த கோயில், சென்ற ஆசார்யருக்கும் திரும்பாத ஆசார்யருக்கும் தன் நினைவில் ஒப்ப இடம் தரும்போதே அவ்வேண்டுகோள் நிறைவுறும். அதுவரை இருபத்தெட்டாம் ச்லோகம் பழங்கதையின் பகுதியாகாது; இன்றும் சொல்லவேண்டிய ப்ரார்த்தனையாகவே நிற்கும்.